மரம் தின்னும் கறையான்கள்

திருப்பதிக்கு மேற்கே சில கல் தொலைவில் சந்திரகிரி இருக்கிறது. 1565-ஆம் ஆண்டு நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விசயநகர வேந்தர் தம் தலைநகரைப் பெனுகொண்டாவுக்கும், பின்னர் இச்சந்திரகிரிக்கும் மாற்றிக்கொண்டனர். அவர்கள் காலத்து இராஜ மகால் என்னும் மூன்றடுக்கு மாளிகை குன்றின் அடியிலே இன்றும் நிற்கிறது. தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அதனைக் காட்சிச்சாலையாக்கிக் காத்து வருகின்றனர். கருங்கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் எழுந்த கட்டடம் அது. உத்தரமும் இல்லை, விட்டமும் இல்லை. வளைவுகளும் பருத்த தூண்களுமே மேல்தளங்களைத் தாங்குகின்றன. கட்டுமானத்தில் மரமே கலவாத மாளிகை என்பது அதன் தனிச்சிறப்பு.

கறையானுக்கு அஞ்சியே சிற்பிகள் இவ்வாறு கட்டினர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த மாளிகையின் சுவரிலும் தளத்திலும் கறையான் தின்பதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை. வேந்தனுக்குக் கல்லும் காரையும் கிடைத்தன. கோட்டைக்கு வெளியே வாழும் குடிகளுக்கோ மண்சுவர், மரநிலை, பனங்கை, அதன்மேல் ஓலை அல்லது ஓடு என்பதே நெடுங்காலமாக வீட்டின் இலக்கணம். அந்த வீட்டை அரிக்கும் உயிரைத் தமிழில் கறையான் என்றும், செல் என்றும், சிதல் என்றும் சொல்கிறோம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் செதலு என்கின்றனர். இரு மொழியும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில் சிதலும் செதலும் ஒரு சொல்லின் இரண்டு உச்சரிப்பாகவே காதில் விழுகின்றன.

பெயர் பலவாயினும் பூச்சி ஒன்றே என்று பலரும் எண்ணுகின்றனர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் கறையான் கண்டால் உடனே மருந்து தேடுகிறோம்; எந்தக் கறையான் என்று கேட்பவர் அரியர். மண்ணிலிருந்து ஏறி வருவதற்கு ஏற்ற பரிகாரம், நாற்காலிக்குள்ளேயே பிறந்து வளர்வதற்குச் சிறிதும் பயன்படாது. பணம் போகும், நாற்காலியும் போகும், ஊற்றிய நஞ்சு மட்டும் மண்ணில் தங்கி நிற்கும். ஆகவே, மரம் தின்னும் கறையான்களுள் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

கறையான் எறும்பு அன்று. ஆங்கிலேயர் அதனை வெள்ளை எறும்பு என்று அழைத்தது தோற்றத்தைக் கண்டு மயங்கியதனால். உயிர்நூலார் கண்ட உறவுமுறைப்படி அது கரப்பான் பூச்சியின் சுற்றத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறத்தாழ 3,000 வகைக் கறையான்கள் கண்டறியப்பட்டுள்ளன. இந்தியாவில் சுமார் 300. இவற்றுள் மனிதனுடைய வீட்டையும் பயிரையும் தொடுபவை சிறு தொகையே. மற்றவையெல்லாம் காட்டில் விழுந்த மரத்தையும் சருகையும் சாணத்தையும் மீண்டும் மண்ணாக்கும் தொழிலில் ஈடுபட்டவை. அவை இல்லையேல் சந்திரகிரிக்கு வடக்கே விரிந்துள்ள சேஷாசலக் காடு தன் சருகுக் குவியலிலேயே புதைந்து போயிருக்கும்.

மரத்தைக் கடிப்பது எளிது, செரிப்பதே அரிது. மரத்தின் நாருக்கு அடிப்படையான செல்லுலோசு என்னும் பொருளைக் கரைக்கும் ஆற்றல் நம் வயிற்றுக்கு இல்லை. கறையான்களும் இவ்வேலையைத் தனித்துச் செய்து முடிப்பதில்லை; துணை தேடிக்கொள்கின்றன. சில இனங்களின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்கள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்து மரத்தூளைச் செரித்துக் கொடுக்கின்றன. வேறு சில இனங்களுக்கு அத்தகைய ஓரணு உயிர்கள் இல்லை. அவை காளானை வளர்த்து, அக்காளானைக் கொண்டு மரத்தைப் பதமாக்கி உண்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இவற்றின் வாழ்க்கை முறையில் பல வேறுபாடுகள் கிளைக்கின்றன.

காளான் பயிரிடும் இனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் வயல் வரப்பிலும் காட்டோரத்திலும் கோபுரம் போல் எழுந்து நிற்கும் புற்றுகளைக் காண்கிறோம். அவற்றைக் கட்டுவதில் முதன்மையானது ஓடண்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்னும் இனம். சந்திரகிரிப் பக்கத்துச் செம்மண்ணில் இப்புற்றுகள் சிவந்து, மடிப்பு மடிப்பாக, ஆளுயரத்துக்கும் மேலாகக்கூட எழுவதுண்டு. வெளியே ஒரு துளையும் தெரியாது. உள்ளே அறைகள் பல. ஒவ்வோர் அறையிலும் கடற்பஞ்சு போன்ற ஓர் அடை. கறையான்கள் மென்று விழுங்கி வெளியிட்ட மரத்தூளே அந்த அடை. அதன்மேல் டெர்மிடோமைசிஸ் என்னும் காளான் வெண்ணிறக் குன்றிமணிகளைப் போலச் சிறு முகிழ்களாக வளர்கிறது. மரத்தின் கடினமான பகுதியைக் காளான் தளர்த்திவிடுகிறது. பழைய அடையைக் கறையான் மறுபடியும் தின்கிறது. மழைக்காலத்தில் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளானைப் பறித்துச் சமைப்பவர்கள் உண்மையில் கறையானின் தோட்டத்தில்தான் பறிக்கிறார்கள்.

இப்புற்றுக் கறையானை முதன்முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர் என்பது நேயர்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். யோகான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தாவர இயல் மேதை லின்னேயசின் மாணவர் அவர். இந்நாட்டுக் கறையான்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியாயிற்று. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றிப் பெரும்புகழ் பெற்ற ஸ்மீத்மனின் கட்டுரை அதற்கு ஈராண்டு கழித்தே வந்தது. புற்றின் இரு பக்கமும் துளையிட்டு, காற்று வரும் பக்கத்தில் நாற்றமுள்ள பொருளைப் புகைத்து, எதிர்ப்பக்கத்துத் துளையில் மணமுள்ள தழை தேய்த்த பானையை வைத்து, பறந்து வெளிப்படும் ஈசலை மக்கள் பிடித்ததையும், அதனை மாவோடு கலந்து பண்டம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றதையும் அவர் எழுதியிருக்கிறார். ஈசல் உணவு அவர் காலத்துப் புதுமை அன்று. புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டுச் சிறப்பைச் சொல்லுமிடத்திலும் புற்றீயல் மோரோடு சமைக்கப்படுகிறது. ஈசல் வேறு, கறையான் வேறு என்று எண்ணுவோருக்கு ஒரு சொல்: சிறகு முளைத்த இளங்கறையானே ஈசல். மழை விட்டதும் பறந்து, சிறகை உதிர்த்து, ஆணும் பெண்ணும் இணைந்து புதுக்குடி தொடங்குகின்றன. பல்லிக்கும் பறவைக்கும் தப்புபவை ஆயிரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் மிகுதி.

இவ்வினம் மனிதனுக்குச் செய்யும் தீங்கைப் பற்றி இருவகை மயக்கம் உண்டு. சித்தூர்ப் பகுதி மாந்தோப்புகளுக்குப் பெயர் போனது. அடிமரம் முழுவதும் செம்மண் பூசியதுபோல் கறையான் மண் ஏறியிருப்பதைக் கண்டு, மரம் போயிற்று என்று கலங்குவோர் பலர். மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். கறையான் தின்றிருப்பது பெரும்பாலும் உலர்ந்த புறப்பட்டையை மட்டுமே. உயிருள்ள பெருமரத்துக்கு அதனால் கேடு மிகக் குறைவு. நட்டு ஓராண்டு ஆகாத ஒட்டுக்கன்றின் செய்தி வேறு. தண்ணீர் காணாமல் வாடிய கன்றை வேரோடு முடித்துவிடும். பெருமரத்துக்கு மருந்தடித்துவிட்டுக் கன்றைக் கவனியாது விடுவது நாம் அடிக்கடி காணும் காட்சி.

மற்றொரு மயக்கம், புற்றை இடித்துவிட்டால் கறையான் ஒழியும் என்பது. இந்தப் பகுதியில் புற்றை இடிக்க எளிதில் மனம் வருவதில்லை. வேங்கடமுடையான் மலைமேல் ஒரு புற்றினுள் மறைந்திருந்தபோது பசு வந்து பால் சொரிந்தது என்பது தலபுராணம். புற்றுக்கு மஞ்சள் பூசி வழிபடாத ஊர் ஏது? பக்தியை விட்டுவிட்டு வெறும் கணக்குப் பார்த்தாலும் இடிப்பதில் பயன் குறைவே. அடியிலுள்ள அறையில் அரசி நாளொன்றுக்குப் பல ஆயிரம் முட்டை இடுகிறாள். அவள் இருக்குமட்டும் இடிந்த கோபுரம் மறுபடி எழும். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்பதையும் மண்வெட்டி எடுப்பவர் நினைவில் வைப்பது நல்லது. வீட்டைவிட்டு எட்ட, வயலோரத்தில் நிற்கும் புற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பதே நம் கருத்து. அது மண்ணைக் கிளறி மழைநீரை உள்ளே இறக்குகிறது.

காளான் வளர்ப்பவற்றுள் புற்றே எழுப்பாத ஒரு சிற்றினமும் உண்டு. மைக்ரோடெர்மிஸ் என்று பெயர். உருவத்தில் மிகச் சிறியது. தோட்டத்து அறைகளை நிலத்தடியில் அங்கங்கே சிதறி வைத்திருக்கும். வானம் பார்த்த நிலக்கடலைக் காட்டில் செடி காரணமின்றி வாடினால், பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் கைவரிசை தெரியும். கடலையின் மேலோட்டைச் சுரண்டி வலுவிழக்கச் செய்வதனால் பூஞ்சை புகுந்து பருப்பில் நஞ்சு சேரவும் இடமாகிறது. மேலே புற்று இல்லையே என்று நிம்மதியாக இருப்பதற்கில்லை.

அடுத்தது வீட்டுக்குப் பெரும்பகை. காப்டோடெர்மிஸ், ஹெடிரோடெர்மிஸ் என்னும் இரண்டு இனங்கள் நம் நாட்டுக் கட்டடங்களில் மிகுதியாகக் காணப்படுவன. இவையும் நிலத்தடிக் கறையான்களே. ஆனால் காளான் தோட்டம் இல்லை; குடலில் வாழும் ஓரணு உயிர்களே இவற்றுக்குத் துணை. எனவே கட்டிக்காக்க வேண்டிய பெரும்புற்று என்னும் சுமையும் இல்லை. மரப்பொந்திலோ, அடித்தளத்திலோ, சுவரின் இடுக்கிலோ, மென்ற மரமும் மண்ணும் கலந்த அட்டை போன்ற கூட்டில் குடியிருக்கும். காப்டோடெர்மிசின் போர்வீரனைச் சீண்டினால் நெற்றித் துளையிலிருந்து பால் போன்ற ஒரு துளி திரளும்; இவ்வினத்தை அடையாளம் காண அதுவே எளிய வழி. மரத்தைத் தின்னும்போது மென்மையான பகுதியைத் தின்று கடினமான வரிகளை விட்டுவைக்கும்; பிளந்து பார்த்தால் ஏடு ஏடாக நிற்கும். மேற்பூச்சும் வண்ணமும் அப்படியே இருக்க, விரலால் அழுத்தினால் நிலைச்சட்டம் உள்ளே அமிழ்வது இவற்றின் வேலை.

இந்த நிலத்தடி இனங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. அவற்றின் தோல் மெல்லியது. உலர்ந்த காற்றில் சில மணி நேரத்தில் மடிந்துவிடும். ஆதலின் ஈர மண்ணோடு தொடர்பை அறுத்துக்கொள்ள முடியாது. தரையிலிருந்து விட்டம்வரை மண்ணாலேயே மூடுபாதை கட்டிக்கொண்டு, அதனுள் போய் வருகின்றன. சுவரில் கோடு கோடாக ஓடும் மண்குழல் அதுதான். ஒரு விரற்கடை அளவு உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது என்று பொருள். ஒரு விலக்கும் உண்டு: மாடியில் குழாய் ஒழுகி மரமும் சுவரும் எப்போதும் நனைந்திருந்தால், காப்டோடெர்மிஸ் தரைக்கு இறங்காமல் மேலேயே கூடமைத்துவிடக்கூடும்.

ஓலைச்சுவடிகளை அழித்ததும் பெரும்பாலும் இவ்வகையினவே. தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் காணச் சென்றபோது அவை புற்றால் மூடப்பட்டிருந்தன என்று மரபு கூறுகிறது. மண் மூடிக்கிடந்தது என்ற குறிப்பே, வந்தது நிலத்தடிக் கறையான் என்பதைக் காட்டிவிடுகிறது. திருமலையில் நேர்ந்தது வேறு. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியரின் பாடல்களை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் பொறித்துக் கோயிலில் ஒரு சிறு கல்லறையில் வைத்தனர். நூற்றாண்டுகள் கழித்து அவ்வறை திறக்கப்பட்டபோது செம்பு செம்பாகவே இருந்தது. ஓலைக்கும் செம்புக்கும் உள்ள விலையை எண்ணினால், எத்தனை புலவருடைய பாட்டு செல்லுக்கு இரையாயிற்றோ என்ற ஏக்கம் எழாமலிராது.

இனி, மண்ணையே நாடாத கறையானுக்கு வருவோம். உலர்மரக் கறையான் என்று இதனைச் சொல்லலாம். கிரிப்டோடெர்மிஸ் இதன் முக்கிய இனம். சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று இதற்கு உகந்தது. வறண்ட உள்நாட்டில் குறைவு. ஆயினும் பட்டினத்திலிருந்து வாங்கி வந்த பழைய அலமாரியோடு எந்த ஊருக்கும் குடிவந்துவிடும். புற்று இல்லை, மண்குழல் இல்லை, தண்ணீரும் வேண்டியதில்லை. மரத்தில் உள்ள சிறிதளவு ஈரமே போதும். கழிவிலுள்ள நீரைக்கூடக் குடலிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அதன் எச்சம் காய்ந்த மணிகளாக விழுகிறது. கசகசாவைக் கொட்டியதுபோல் நாற்காலியின் கீழே சிறு குவியல் தென்பட்டால் ஐயமே வேண்டா. உருப்பெருக்கியால் நோக்கினால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருக்கும். மரத்தூள் மாவுபோல் உதிர்ந்தால் அது வண்டின் வேலை. அது வேறு கதை.

புற்றில் இலட்சக்கணக்கில் வாழும் கறையானோடு ஒப்பிட்டால் உலர்மரக் கறையானின் குடும்பம் மிகச் சிறியது. சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம். போர்வீரனின் தலை கறுத்துத் தடித்து அடைப்பான்போல் இருக்கும். எதிரி வந்தால் வழியைத் தலையாலேயே அடைத்துவிடும். வேலைக்காரர் என்ற தனி வகுப்பு இல்லை. வளர்ச்சி நிரம்பாத குஞ்சுகளே வேலை செய்கின்றன. தேவை நேர்ந்தால் அவற்றுள் சில அரசனாகவும் அரசியாகவும் மாறிக்கொள்கின்றன. ஆகவே அரித்த நாற்காலியின் ஒரு கால் போதும், புதுக்குடும்பம் ஒன்று தழைக்க. அரித்த பலகையை வெட்டி வேறொரு பெட்டிக்குப் பயன்படுத்தும் சிக்கனத்தை இங்கே கைவிடத்தான் வேண்டும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்கள் உயிருள்ள செடியையே குடைகின்றன. கவாத்து வெட்டிய காயத்தின் வழியே உள்ளே புகுபவை அவை. அதே இலங்கையில், மரத்தை விட்டுவிட்டுப் பாசிப்படலத்தைத் தேடிப் பகலிலேயே கருநிற அணிவகுப்பாகச் செல்லும் கறையானும் உண்டு. எஷெரிக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1911-இல் இலங்கைக் கறையான்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இவ்வேறுபாடுகள் தெரிந்தால் செய்ய வேண்டியது தானே விளங்கும். மண்குழல் கண்டால் தடுக்க வேண்டியது தரைக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பை. அடித்தளத்தைச் சுற்றி மருந்திடுவது அதற்கு ஒரு வழி. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை முன்பு இதற்குத் தாராளமாக ஊற்றப்பட்டன. மண்ணிலும் நீரிலும் உடலிலும் நெடுங்காலம் தங்குபவை என்று கண்டு, 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று வேறு மருந்துகள் வந்துள்ளன. எதுவாயினும் கிணற்றை ஒட்டி ஊற்றத்தக்கதன்று. பழகியவர் கையால் இடுவதே முறை. கசகசா மணிகள் கண்டாலோ தரையில் ஒரு துளி மருந்தும் வேண்டா. பொருளைத் தனியே பிரித்து, துளை வழியே மருந்து செலுத்தலாம். அல்லது மரத்தின் நடுப்பகுதிவரை 50 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு மணி நேரம் சூடேற்றலாம். முற்றத்து வெயிலில் காய வைத்தால் மேற்பரப்பு சுடும். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு மருந்தைவிடக் கொத்தனாரின் கவனம் மிகுதியாக உதவும். தரையை நிரப்பும்போது சாரத்தின் கழிவுக் கட்டைகளையும் பலகைத் துண்டுகளையும் மண்ணோடு போட்டு மூடிவிடுகின்றனர். கறையானுக்கு அது நாமே வைத்த விருந்து. நிலையின் கால்களைத் தரையில் புதைக்காமல் கருங்கல்லின்மேல் நிறுத்துவது பழைய வழக்கம், செலவும் அதிகமில்லை.

மரத்தைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார், கறையான் மிகுந்த நிலத்தில் மரக்குச்சிகளைப் பாதி புதைத்து வைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று கணக்கிட்டனர். 120 மாதத்துக்கு மேல் நிற்பது முதல் தரம். 60 முதல் 120 வரை நடுத்தரம். அதற்குக் கீழ் கடைத்தரம். தேக்கின் வைரம் முதல் தரத்தில் நிற்கிறது. மாமரமும் இலவமரமும் கடைத்தரத்தில். சேஷாசல மலைக்கும் அதையொட்டிய மலைகளுக்குமே உரிய செம்மரத்தின் வைரத்தையும் கறையான் எளிதில் தொடாது. நம் வீட்டுக் கொலுவில் பாட்டி காலத்து மரப்பாச்சி இன்றும் முழுமையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். செம்மரம் இன்று காவலில் உள்ள மரம், வீட்டுக்கு வெட்டத்தக்கதன்று.

எந்தச் சாதி மரமாயினும் வெளிப்புறத்து வெண்மரத்துக்கு இந்த வலிமை இல்லை. தேக்கு என்று விலை கொடுத்து வாங்கிய சட்டத்தின் ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை இருந்தால், கறையானுக்கு அது தேக்கே அன்று. பனைக்கு இது தலைகீழ். புறத்தே காழ் உடையது பனை, அகத்தே காழ் உடையவை மரங்கள் என்று தொல்காப்பியர் வகுத்த பாகுபாடு தச்சனுக்கும் பொருந்தும். முதிர்ந்த பனையின் கறுத்த புறவைரத்தை மட்டும் பிளந்தெடுத்து, உள்ளிருக்கும் சோற்றை முழுவதும் செதுக்கி நீக்கிய பனங்கை நெடுநாள் நிற்கும். சோறு ஒட்டியிருக்கும் பனங்கையைக் கூரையில் ஏற்றினால், அடுத்த சில மழைக்காலங்களுக்குள் உள்ளே வெறுங்கூடாகிவிடும். கீழே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.